சாரதாமணி வீட்டுக்குக் காடு வந்த நாள்

காரைமேட்டுக்குக் காடு வந்த கதையை அந்தப் பக்கத்தில் ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள். தேக்குதான் முதலில் வந்தது என்பார் ஒருத்தர், இல்லவே இல்லை, மூங்கில்தான் முதலில் வந்தது, வந்து என் கடைப் படியில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஒரு நிமிசம் நின்றது என்பார் இன்னொருத்தர், ஓடை நடந்து வந்ததா படுத்தபடியே வந்ததா என்பதில் இன்றைக்கும் டீக்கடையில் பேச்சு முற்றிக் கைகலப்பு வரைக்கும் போகும். ஆனால் காட்டைக் கூப்பிட்டது யார் என்பதில் மட்டும் ஒருத்தருக்கும் சந்தேகம் கிடையாது. டிரைவிங் ஸ்கூல் சாரதாமணிதான் கூப்பிட்டாள். அதை அவளே மைக்கில் சொல்லியும் இருக்கிறாள்.

சாரதாமணிக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. இருபத்திரண்டு வருசமாக இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, ஊரில் முக்கால்வாசிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். பஞ்சாயத்துத் தலைவர் முதல் பஞ்சு மில் கணக்குப்பிள்ளை வரை அவளிடம் "கண்ணாடியப் பாருங்க, கண்ணாடியப் பாருங்க" என்று திட்டு வாங்காதவர் இல்லை. கல்யாணம் வேண்டாம் என்று இருபத்தைந்து வயதிலேயே சொல்லிவிட்டாள், ஏன் என்று கேட்டவர்களுக்கு, "எனக்கு எடஞ்சலா இருக்கும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்கு ஒரே ஒரு குறைதான். இத்தனை வருசத்தில் அவள் ஒரு நாளாவது காரில் தனியாகப் போனதில்லை. எப்போதும் வலது பக்கம் யாராவது வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த ஆவணி மாதம் ஒரு பெரிய முகூர்த்த நாள் வந்தது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் கல்யாணம் காதுகுத்து என்று போய்விட்டார்கள். சாரதாமணி காலையில் எழுந்து, தலைக்கு ஊற்றி, புளிச்சோறு கட்டிக்கொண்டு, எல் போர்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காட்டுப் பாதையில் காரை விட்டாள்.

ஊரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டரில் வனத்துறைச் செக்போஸ்ட். காலை ஆறு மணிக்குத் திறந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மூடுவார்கள். காவலர் ஜடையன் ரிஜிஸ்தரை விரித்தார். காட்டிலேயே பிறந்த மனுசன், அம்பது வயசு, பேனாவைக் கத்தி பிடிக்கிற மாதிரி பிடிப்பார்.

"வண்டி ஒண்ணு. ஆளு?"

"ஒண்ணு."

"நோக்கம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. கோயிலா, யாவாரமா?"

"சும்மா."

"சும்மாவுக்கு எல்லாம் யாரும் வந்ததில்லீங்களே."

"அப்ப நான் வந்திருக்கறேன், எழுதிக்குங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்து, 'சும்மா' என்றே எழுதினார்.

பிறகு அவள் போனாள். பாதை இரண்டு பக்கமும் மூங்கில் குனிந்து கிடக்க, முதல் வளைவில் ஈரம் காயாத யானை லத்தி ஆவி விட்டுக்கொண்டிருக்க, ஓடைக்கரையில் மருத மரங்கள் வெள்ளை வெள்ளையாக நிற்க, அவற்றின் உச்சியில் மலையணில் ஒன்று கிளை விட்டுக் கிளை தாவியபடி அவளோடு இரண்டு வளைவு வரைக்கும் கூடவே வர, யாருக்கும் கிளட்சைச் சொல்லாமல், யாரையும் திட்டாமல், யாருக்காகவும் பிரேக்கை மிதிக்காமல், இரண்டாவது கியரில் ஏறி மூன்றாவது கியரில் ஓடி, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஹாரன் அடிக்காமல் சுற்றி, காட்டெருமைக் கூட்டம் ஒன்று பாதையைக் கடந்து முடிக்கும் வரை இன்ஜினை அணைத்துக் காத்திருந்து, அதில் கடைசியாகப் போன கன்று திரும்பிப் பார்த்தபோது "போ சாமி, நல்லாப் பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு, அவள் போய்க்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சந்தோசமாக இருந்தது.

பாறைமுடியில் காரை நிறுத்திப் புளிச்சோறைச் சாப்பிட்டாள். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். ஓடையில் கை கழுவினாள். புறப்படும்போது, ஒரு வீட்டில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு எழுந்தால் நம் வாய் தானாக என்ன சொல்லுமோ அதை அவள் வாயும் சொல்லிவிட்டது.

"வர்றனுங்க. நீங்களும் ஒரு நாளைக்கு நம்மூட்டுக்கு வாங்க."

கல்யாண மண்டப வாசலில் ஒரு நாளைக்கு நூறு பேர் நூறு பேரிடம் இப்படிச் சொல்கிறோம். ஒருத்தரும் வருவதில்லை, வந்தால் நமக்கும் ஒரு மாதிரி ஆகிவிடும். ஆனால் காட்டுக்கு இந்த நாசூக்கெல்லாம் எப்படித் தெரியும்? எத்தனையோ வருசமாக அதன் வழியாக லாரி போயிருக்கிறது, பஸ் போயிருக்கிறது, மந்திரிகள் போயிருக்கிறார்கள், குப்பையைப் போட்டார்கள், படம் பிடித்தார்கள், மரத்தை எண்ணினார்கள், ஆனால் நீயும் ஒரு நாள் வா என்று ஒருத்தர் கூடக் கூப்பிட்டதில்லை. முதல் தடவையாக ஒருத்தி கூப்பிட்டாள், அதுவும் புறப்பட்டுவிட்டது.

இறங்கி வரும்போது அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் மரங்கள். பத்து கிலோமீட்டர் கழித்துப் பார்த்தாள், அதே மரங்கள், அதே தூரத்தில். செக்போஸ்ட்டில் ஜடையன் தடுப்புக் கம்பத்தைத் தூக்கினார், அவளுக்குப் பின்னால் பார்த்தார், பார்த்துக்கொண்டே கம்பத்தைப் பிடித்தபடி முக்கால் மணி நேரம் நின்றார், ஏனென்றால் எல்லாம் கடந்து முடிய அவ்வளவு நேரம் ஆயிற்று. பிறகு போய் உட்கார்ந்து 'ஆள் ஒன்று வெளியே' என்று எழுதினார். கூட வந்ததை எழுத ரிஜிஸ்தரில் கட்டம் இல்லை.

மத்தியானம் பன்னிரண்டரை மணிக்குக் காடு காரைமேட்டுக்குள் நுழைந்தது. ஒரு சுவரை இடிக்கவில்லை, ஒரு ஓட்டை உடைக்கவில்லை. விசேச வீட்டுப் பந்தியில் தாமதமாக வந்தவர்கள் இடுக்கில் இடம் பார்த்து உட்கார்வது போல, தேக்குகள் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நின்றுகொண்டன, மூங்கில் ரேசன் கடை வரிசையின் கடைசியில் போய் நின்றது, ஓடை மெயின் ரோட்டு ஓரமாகச் சத்தமில்லாமல் படுத்துக்கொண்டது, புள்ளிமான்கள் பேங்க் வாசலில் நிழல் பார்த்துப் படுத்தன, யானைகள் மாரியம்மன் கோயில் திடலில் இறங்கி நின்று யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தன.

ஊர் என்ன செய்தது என்று கேட்டால், முதலில் தண்ணீர் கொடுத்தது. வந்தவர்களுக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர், அப்புறம்தான் யார் எவர் என்ற விசாரிப்பு, அது அந்தப் பக்கத்துப் பழக்கம். சாரதாமணியின் பக்கத்து வீட்டில் இட்லிக் கடை வைத்திருந்த ருக்மணிதான் ஆரம்பித்தாள். ஒரு வேங்கை மரத்தின் அடியில் ஒரு சொம்பு ஊற்றினாள், அதைப் பார்த்து எதிர் வீட்டுக்காரி ஊற்றினாள், கொஞ்ச நேரத்தில் ஊரே குடமும் கையுமாக அலைந்தது. என்ன சாப்பாடு போடுவது என்பதில்தான் தகராறு. சைவம்தான் என்றது ஒரு கூட்டம். அப்ப புலிக்கு? என்றது இன்னொரு கூட்டம். புலி பெட்ரோல் பங்க் பின்னால் கூச்சப்பட்டுக்கொண்டு படுத்திருந்தது, அதைக் கேட்கப் போவது யார் என்பதில் அந்தப் பேச்சு நின்றுபோனது. இரண்டு மணிக்குள் ஆட்டோ ஸ்டாண்டு மருத மரத்தடிக்கு மாறிவிட்டது, தேக்குக்கும் தேக்குக்கும் நடுவில் துணி காய்ந்தது, மூன்று கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு மரத்தைப் பிடித்துக் கொடி கட்டிவிட்டார்கள், பஜ்ஜிக் கடைக்காரர் குரங்குகளைக் கெஞ்சிக் கூத்தாடி வரிசையில் நிற்க வைத்திருந்தார்.

இரண்டரை மணிக்கு ரேஞ்சர் எபநேசர் ஜீப்பில் வந்து இறங்கினார். தெற்கத்தி மனுசர், விதிப் புத்தகத்தைக் கக்கத்தை விட்டு எடுக்காதவர். ஜடையன் ரிஜிஸ்தரோடு பின்னால் இறங்கினார். ரேஞ்சர் நாலு பக்கமும் பார்த்தார், ஆச்சரியப்படவில்லை, அவருக்கு ஆச்சரியப்பட அதிகாரம் கிடையாது. கோயில் மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு கேட்டு மூடுற நேரத்துல காடு எங்க நிக்குதோ, அதுவரைக்கும் காடு. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. ஆறு மணிக்கு மேல உள்ள இருக்கிறவங்க ஆக்கிரமிப்பு. பத்திரம், பட்டா எதுவும் செல்லாது."

ஊர் சிரித்தது. காட்டைக் கூட்டிவந்து நிறுத்திவிட்டு ஊரைக் காலி செய் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? ஜடையன் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க," என்றார். "எனக்குப் பத்து வயசு. மேல காட்டுக்குள்ள எங்க ஊரு, பதினோரு ஊடு. ஒரு நாள் பேப்பர் கொண்டாந்து, இன்னிக்கு ஆறு மணியிலிருந்து இது காடுன்னாங்க. உங்களுக்காவது மரம் வந்திருக்குது. எங்களுக்குப் பேப்பர் மட்டுந்தான் வந்துச்சு. ஆறரை மணிக்கு நாங்க ஆக்கிரமிப்பு. எங்கம்மா அடுப்புல வெச்ச சோத்த எறக்கக்கூட உடலீங்க."

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. எண்ணூறு வீடு, இரண்டு பள்ளிக்கூடம், ஒரு மில், மூன்று கோயில், ஒரு பள்ளிவாசல், எல்லாம் மூன்றரை மணி நேரத்தில் காடு. ரேஞ்சர் காட்டைப் பார்த்துத் திரும்பி மைக்கில் "கலைந்து செல்லவும்" என்று மூன்று தடவை உத்தரவிட்டார். ஒரு இலை அசையவில்லை. தப்பட்டை அடிக்கலாம், பட்டாசு வெடிக்கலாம் என்று நாலு பேர் கிளம்பினார்கள்.

சாரதாமணி போய் ரேஞ்சர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"நாந்தான் கூப்பிட்டேன். கூப்பிட்டு வந்த விருந்தாளியப் பட்டாசு போட்டுத் தொரத்துனா, அப்புறம் நம்மூட்டுக்கு யாரு வருவா? நானே கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்."

"எப்படீம்மா கொண்டு போவீங்க?"

"எப்படி வந்துச்சோ அப்படியே."

காரில் ஏறப் போனவளை ருக்மணி கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏனுங்க்கா, கூப்பிட்டது உங்கூட்டுக்குத்தான? மத்தியானத்துலிருந்து பாவம் வீதியிலயே நிக்குது. உள்ள வாங்கன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? சொல்லாம எப்படிக் கெளம்பும்?"

சாரதாமணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. சொல்லவில்லைதான். அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலி, சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். கார் துடைக்கவும் கற்றுக்கொடுக்கவுமே பொழுது போனதில் வீட்டுக்கு யாரும் வந்ததில்லை, இவளும் யாரையும் வரச் சொன்னதில்லை. ஊர் முழுக்க அதட்டிப் பழகியவளுக்குத் தன் வீட்டைக் காட்ட வெட்கமாக இருந்தது. ஆனாலும் போய், கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்துவைத்து, "வாங்க, உள்ள வாங்க" என்றாள்.

காடு உள்ளே போனது. பத்துக்குப் பன்னிரண்டு கூடத்தில் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள், போனது. பாதிப் பாசி படிந்த பாறைகள் சுவரோரமாக உட்கார்ந்தன, மூங்கில் உத்தரத்துக்குக் குனிந்தது, பெரிய ஆலமரம் மட்டும் வயதானபடியால் அந்த ஒரே நாற்காலிக்குப் பக்கத்தில் இடம் பார்த்து நின்றது. ருக்மணி தன் வீட்டு டம்ளர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள், தெருவே டம்ளர் கொண்டு வந்தது. சாரதாமணி காபி போட்டு ஒவ்வொரு வேருக்கும் ஒரு வாய் ஊற்றினாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். தட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சள் வைத்து நீட்டினாள். ஒரு கொடி இறங்கிவந்து எடுத்துக்கொண்டது. அவளுக்கு அழுகை வந்தது, எல்லோர் முன்னாலும் அழுதாள், அதற்காக வெட்கப்படவில்லை.

நாலேகாலுக்குக் காரை எடுத்தாள். ரேஞ்சர் அவளைத் தனியாக விடமாட்டேன் என்று இடது சீட்டில் ஏறிக்கொண்டார், விதி அப்படியாம். கார் நகர்ந்தது, காடு பின்னால் அசைந்தது. ஒரு கிளை பின் கண்ணாடியில் உரசியதும் ரேஞ்சருக்கு உயிரே போய்விட்டது, இரண்டாவது பிரேக்கை ஓங்கி மிதித்தார். கார் நின்றது, காடும் நின்றது. மறுபடி கிளம்பினாள். ஒரு யானை பெருமூச்சு விட்டது, ரேஞ்சர் மறுபடி மிதித்தார். இப்படியே அரை மணி நேரத்தில் அஞ்சல் ஆபீஸ் வரைக்கும்தான் போக முடிந்தது.

சாரதாமணி காரை நியூட்ரலில் போட்டாள். "எறங்குங்க சார்."

"பாதுகாப்புக்காகத்தான்மா..."

"இருபத்திரண்டு வருசமா அந்த பிரேக்க நான் மிதிச்சிருக்கறேன். பயத்துல மிதிக்கறது எது, தேவைக்கு மிதிக்கறது எதுன்னு எனக்குத் தெரியும். எறங்கி ஜீப்புல முன்னால போங்க."

அவர் இறங்கினார். ஊரில் அவளிடம் லைசென்ஸுக்குக் கற்றுக்கொண்டவர்கள் எல்லோருக்கும் அந்தக் குரல் தெரியும், ரேஞ்சருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு அவள் மட்டும் போனாள். முன்னால் வெறும் சாலை, பின்னால் காடு முழுக்க. வேகமாகப் போனால் ஆலமரம் பின்தங்கும், மெதுவாகப் போனால் ஆறு மணி ஆகிவிடும், இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் உண்டு, அதைக் காலால்தான் கண்டுபிடிக்க முடியும், கண்ணால் முடியாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். அந்த வேகத்தைப் பிடித்தாள். கண்ணாடியைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். வயல்காரர்கள் வரப்பில் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள், ஓடை அவர்கள் வாய்க்காலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து சேர்ந்துகொண்டது. பூனை மாதிரி புலியும் பின்னால் வந்தது.

அவள் செக்போஸ்ட்டைத் தாண்டி உள்ளே போனபோது ஐந்தே கால். காடு உள்ளே நுழைய ஆரம்பித்தது. ஜடையன் மேசையில் ரிஜிஸ்தரை விரித்து வைத்துக்கொண்டு, மூடும் நேரத்தை எழுதுகிற கட்டத்தின் மேல் பேனாவைப் பிடித்திருந்தார். ரேஞ்சர் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். காட்டெருமை போயிற்று, தேக்கு போயிற்று, கட்சிக் கொடிகளோடு வேங்கை மரம் போயிற்று, புலியும் போயிற்று. ஐந்து ஐம்பத்தொன்பது. ஆலமரம் மட்டும் வெளியே முன்னூறு அடி தூரத்தில், ஒவ்வொரு விழுதாக ஊன்றி ஊன்றி வந்துகொண்டிருந்தது.

"ஆறு ஆச்சு," என்றார் ரேஞ்சர். "எழுது ஜடையா."

ஜடையன் எழுதவில்லை.

"ஒரு மரம் வெளிய நின்னாலும் அதுவரைக்கும் காடுதான். எழுதுய்யா."

"புத்தகத்துல என்னங்க இருக்குது? கேட்டு மூடற நேரம்னுதான? நான் எழுதறதுதானுங்க நேரம்."

ரேஞ்சர் அவரைப் பார்த்தார். ஜடையன் ரேஞ்சரைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா முனை காகிதத்துக்கு ஒரு நூல் மேலே நின்றது. ஆலமரம் வந்தது, கம்பத்துக்கு அடியில் குனிந்தது, ஒரு விழுதை உள்ளே வைத்தது, இன்னொரு விழுதை வைத்தது, முழுசாக உள்ளே போய் நின்று மூச்சு வாங்கியது. அதற்குப் பிறகு ஜடையன் கம்பத்தை இறக்கிவிட்டு, ஆறு மணி என்று எழுதினார்.

"எங்கூருக்கு அன்னிக்கு இந்தப் பேனாவப் புடிக்க ஆளில்லீங்க," என்றார்.

ரேஞ்சர் எபநேசர் கடிகாரத்தைக் கழற்றி ஜேபியில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

சாரதாமணி உள்ளே மாட்டிக்கொண்டாள். முன்னும் பின்னும் காடு, கார் திருப்ப இடமில்லை. அவளுக்குப் பயமும் இல்லை, அவசரமும் இல்லை, விருந்துக்கு விருந்து என்று இருந்துவிட்டாள். அங்கே என்ன சாப்பிட்டாள், எங்கே படுத்தாள் என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கேட் திறந்ததும் கார் வந்து நின்றது. கண்ணாடியில் மரங்கள் தூரத்தில், அதது இடத்தில் நின்றன. ஜடையன் ரிஜிஸ்தரை விரித்து 'ஆள் ஒன்று வெளியே' என்று எழுதினார். அவள் இன்ஜினை அணைத்தாள்.

"பாறைமுடிக்குக் கெழக்க ஒரு எடத்துக்குக் காடு கூட்டிட்டுப் போச்சுங்க. நல்ல அகலமான எடம். சுத்தி அவ்வளவு காடு, அதுல மட்டும் ஒரு செடி மொளைக்கல. பதினோரு அடுப்பு இருக்குதுங்க, கல்லு கலையாம அப்படியே. நாப்பது வருசமா எடம் விட்டு வெச்சிருக்குது."

ஜடையன் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு அடுப்புல சட்டி இருந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு. மழத்தண்ணி நெறஞ்சு கெடந்துச்சு."

சாரதாமணி காரை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"செக்போஸ்ட்ட நான் பாத்துக்கறேன். நீங்க போங்க. ஆறு மணி வரைக்கும் இருக்குது."

ஜடையன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். ரிஜிஸ்தரில் அடுத்த வரிக்கு வந்து, வண்டி இல்லை, ஆள் ஒன்று என்று எழுதினார். நோக்கம் என்ற கட்டத்தில் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, 'ஊருக்கு' என்று எழுதினார்.